ஒரு சங்கப் பாட்டுக்காக மூடப்பட்ட வகுப்பறை

போன மாதம் மட்டக்களப்பு மாவட்டத்து வெல்லாவெளிப் பக்கத்தில் புதிதாக நியமனம் பெற்ற இளம் ஆசிரியை ஒருவர் என்னைத் தொலைபேசியில் அழைத்தார். சாதாரண தரப் பரீட்சை எழுதும் பிள்ளைகளுக்குக் குறிப்புகள் போட இணையத்தில் ஒரு குழு தொடங்கப் போகிறாராம். எந்தத் தளத்தில் தொடங்கினால் நல்லது என்று கேட்டார். ஐந்து நிமிடத்தில் சொல்லி முடிக்கலாம் என்றுதான் பேச்சை எடுத்தேன். ஒன்றரை மணி நேரம் போய்விட்டது. தொலைபேசியை வைத்த பிறகும் நெஞ்சு படபடத்துக்கொண்டே இருந்தது. 2020ஆம் ஆண்டில் எனக்கு யாராவது இப்படி ஒன்றரை மணி நேரம் ஒதுக்கிப் பேசியிருந்தால், மூன்றரை வருட உழைப்பும் ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட காசும் தப்பியிருக்கும். அவருக்குச் சொன்னதை ஒன்றும் விடாமல் இங்கே எழுதுகிறேன்.

நான் களுவாஞ்சிகுடியில் தமிழ் கற்பிக்கிறேன். 23 வருடமாகிறது. என் பிள்ளைகளில் பாதிப் பேர் வாவியின் கிழக்குக் கரையான எழுவான்கரை. மீதிப் பேர் மண்டூரிலும் அதற்கு அப்பாலும் இருந்து வருகிறவர்கள், பாதை என்று நாங்கள் சொல்லும் மிதவைப் படகில் வாவியைக் கடந்து குருமண்வெளித் துறையில் வந்து இறங்குகிற படுவான்கரை, அதாவது மேற்குக் கரைப் பிள்ளைகள். 2020 மார்ச்சில் பாடசாலைகளை மூடி ஊரடங்கு போட்டபோது அவர்களோடு இருந்த தொடர்பு ஒரே நாளில் அறுந்தது. பரீட்சை எழுத வேண்டிய பிள்ளைகளை அப்படியே விட்டுவிட்டு வீட்டில் இருக்க மனம் வரவில்லை. கல்லடியில் இணையத்தளம் செய்து கொடுக்கும் தம்பி ஒருவருக்கு 25,000 ரூபாய் கொடுத்து எனக்கென்று ஒரு தளம் அமைத்தேன். முகவரிக்கும் கோப்புகள் வைக்கும் இடத்துக்குமாக வருடத்துக்கு 11,000 ரூபாய். இலக்கணக் குறிப்புகள், கடந்தகால வினாத்தாள்கள், என் குரலிலேயே பதிவு செய்த செய்யுள் விளக்கங்கள் என்று ஜூன் பிறப்பதற்குள் 60 பாடங்கள் ஏற்றிவிட்டேன்.

ஒரு நாளைக்கு ஏழெட்டுப் பேர்கூட வரவில்லை. என் கற்பித்தல்தான் பிடிக்கவில்லையோ என்று சோர்ந்திருந்தபோது, திக்கோடையிலிருந்து ஒரு தாய் அழைத்தார். "டீச்சர், நேற்று 100 ரூபாய் ரீலோட் போட்டேன். உங்கள் பாடம் இரண்டு திறந்ததும் காசு முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் மாதம் முழுக்க ஓடுகிறது. உங்களுடையது மட்டும் ஏன் டீச்சர் இப்படிக் காசு தின்கிறது?" அவருடைய வீட்டுக்குள் சிக்னல் கிடைக்காது. யானை வராமல் பார்க்க வயலில் கட்டியிருந்த காவல் பரணில் ஏறி உட்கார்ந்துதான் மகன் பாடம் கேட்பான். யானைக்கும் இருட்டுக்கும் அஞ்சாமல் பரணில் ஏறிய பிள்ளையை, மீதிக் காசு தீர்ந்ததென்ற குறுஞ்செய்தி கீழே இறக்கிவிட்டது.

விசாரித்துப் பார்த்தேன். என் பிள்ளைகளில் பெரும்பாலானோர் வாங்கியிருந்தது சமூக ஊடகப் பக்கேஜ். குறிப்பிட்ட நான்கைந்து செயலிகளுக்கு மாதம் முழுக்கத் தாராளமாக டேட்டா உண்டு. அவற்றுக்கு வெளியே எந்த முகவரியைத் திறந்தாலும் பிரதான மீதியிலிருந்து காசு கழியும். என் தளம் அந்த வேலிக்கு வெளியே இருந்தது. இணைய நடுநிலைமை என்ற சொல்லை அன்றைக்குத்தான் தேடிப் படித்தேன். நாம் எந்தத் தளத்துக்குப் போனாலும் இணைய நிறுவனம் ஒரே மாதிரி நடத்த வேண்டும் என்று 2003ஆம் ஆண்டில் டிம் வூ என்ற அமெரிக்கச் சட்டப் பேராசிரியர் புழக்கத்துக்குக் கொண்டுவந்த கருத்து அது. எங்கள் பாதையை வைத்து யோசித்தால் எளிதாக விளங்கும். பாதைக்காரர் ஆளுக்கு இவ்வளவு, மோட்டார் சைக்கிளுக்கு இவ்வளவு என்று கூலி வாங்கலாம். அக்கரையில் எந்தக் கடைக்குப் போகிறாய் என்று கேட்டு, தனக்கு வேண்டிய கடைக்கென்றால் சும்மா ஏற்றி, வேறு கடைக்கென்றால் காசு கேட்பாரானால், கொஞ்ச நாளில் அக்கரையில் அந்த ஒரு கடைதான் மிஞ்சும். இந்தியாவில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் 2016 பெப்ரவரி 8ஆம் திகதி இப்படி உள்ளடக்கத்தைப் பார்த்துக் கட்டணம் வேறுபடுத்துவதைத் தடை செய்தது. பேஸ்புக் அங்கே கொண்டுவந்த இலவச இணையத் திட்டம் அத்தோடு நின்றது. அமெரிக்காவில் 2015இல் விதி போட்டார்கள், 2017இல் எடுத்தார்கள், 2024இல் திரும்பப் போட்டார்கள், 2025 ஜனவரியில் நீதிமன்றம் அதைத் தள்ளுபடி செய்தது. இங்கே அந்தப் பக்கேஜ்கள் பெட்டிக்கடையிலேயே கிடைக்கின்றன.

காசில்லாத பிள்ளைக்கு ஏதோ ஒன்றாவது மலிவாகக் கிடைக்கிறதே, அதையும் பறிக்கச் சொல்கிறீர்களா என்று பலர் கேட்டிருக்கிறார்கள். அந்தக் கேள்வியை நான் அலட்சியம் செய்யவில்லை. அந்த 2020ஆம் ஆண்டில் கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தையும் பல்கலைக்கழகக் கற்றல் தளங்களையும் கட்டணமில்லாமல் பார்க்க வழி செய்தார்கள். அதனால் என் பிள்ளைகளும் பயனடைந்தார்கள். மனதார நன்றி சொல்கிறேன். ஆனால் எந்த வாசல் இலவசம், எந்த வாசலுக்குக் காசு என்று தீர்மானிக்கும் மேசையில் என்னைப் போன்ற ஒருவருக்கு இடமில்லை. மலிவாக்குவதென்றால் டேட்டாவை மலிவாக்குங்கள், எங்கே போவதென்பதைப் பிள்ளை தீர்மானிக்கட்டும் என்பதுதான் அன்றும் இன்றும் என் நிலைப்பாடு.

என் பக்கத்திலும் பிழை இருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன். கையெழுத்துக் குறிப்புகளைக் கைத்தொலைபேசியில் படம் எடுத்து அப்படியே ஏற்றியிருந்தேன். ஒவ்வொரு படமும் 4 மெகாபைட். குரல் பதிவுகள் விநாடிக்கு 320 கிலோபிட் தரத்தில் இருந்தன. 10 நிமிடத்துக்கு 24 மெகாபைட். பேச்சுக்கு அவ்வளவு தரம் தேவையே இல்லை. அதே பதிவை 32 கிலோபிட்டுக்குக் குறைத்தால் 10 நிமிடம் இரண்டரை மெகாபைட்டுக்குள் அடங்கும், குரலும் தெளிவாகவே கேட்கும். குறிப்புகளைப் படமாக ஏற்றாமல் எழுத்தாகத் தட்டச்சு செய்தால் ஒரு பாடம் ஒரு படத்தின் நூறில் ஒரு பங்குகூட வராது. ஆகவே, நீங்கள் எதையாவது இணையத்தில் வைப்பதற்கு முன் பத்துப் பெற்றோரிடம் என்ன பக்கேஜ் போடுகிறீர்கள் என்று கேளுங்கள். நான் கேட்காமல்தான் 25,000 ரூபாயை முதலில் கொடுத்தேன்.

அந்த நேரத்தில் இதெல்லாம் தெரியாது. எல்லோரும் சொன்னதைக் கேட்டு 2020 ஜூலையில் பெரிய சமூக ஊடகத் தளம் ஒன்றில் குழு தொடங்கினேன். பெயர் வேண்டாம். முதல் கிழமையிலேயே 200 பேர் வந்தார்கள். பரணில் இருந்த பிள்ளையும் வந்தான். 2023ஆம் ஆண்டு முடியும் தறுவாயில் 3,400 பேர், 412 பாடங்கள். கல்முனையிலிருந்தும் வவுனியாவிலிருந்தும் ஆசிரியர்கள் வந்து பிள்ளைகளின் கேள்விகளுக்குப் பதில் எழுதினார்கள். பிள்ளைகள் தாங்கள் எழுதிய கவிதைகளை அங்கேயே போட்டார்கள், ஒருவரை ஒருவர் திருத்தினார்கள். பாடத்தை நான் திரும்பவும் எழுதிவிடலாம். அந்தப் பிள்ளைகள் பதினாறு வயதில் எழுதியவற்றை இனி யாரும் எழுத முடியாது. அது போனதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை.

2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 ரூபாய்க்கு மேல் ஏறியபோது என் பழைய தளத்தின் வருடக் கட்டணம் 19,500 ரூபாய் என்று பற்றுச்சீட்டு வந்தது. எரிவாயுவுக்கும் பால்மாவுக்கும் வரிசையில் நின்ற காலம். குழுதான் நன்றாக ஓடுகிறதே, இதற்கு எதற்கு இத்தனை காசு என்று புதுப்பிக்காமல் விட்டேன். மூன்று மாதத்தில் என் முகவரியை வேறு யாரோ எடுத்து அதில் சூதாட்ட விளம்பரம் போட்டிருந்தார்கள். பிள்ளைகளின் கொப்பிகளில் அந்த முகவரி இன்னும் எழுதியிருக்கிறது. தளத்தை நடத்த வசதியில்லாவிட்டாலும் முகவரியை மட்டும் புதுப்பித்து வையுங்கள். அதற்குச் செலவு கொஞ்சம்தான். கோப்புகளை இறக்கி ஒரு பென் டிரைவிலாவது போட்டு வையுங்கள். நான் இரண்டையும் செய்யவில்லை.

அதே ஆண்டு ஏப்ரல் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை. மே மாதச் சாதாரண தரப் பரீட்சைக்காகக் காலை 9 மணிக்கு நேரலை வகுப்பு வைத்திருந்தேன். விடிந்து பார்த்தால் சமூக ஊடகம் ஒன்றும் திறக்கவில்லை. ஊரடங்கு போட்டிருந்தார்கள், நள்ளிரவிலிருந்து தளங்களையும் முடக்கியிருந்தார்கள். பாதுகாப்பு அமைச்சின் வேண்டுகோளின் பேரில் என்று தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழு சொன்னது. பிற்பகலில்தான் திறந்தார்கள். அதற்குள் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் குறுஞ்செய்தி அனுப்பி, தடையைச் சுற்றிப் போக உதவும் இலவச விபிஎன் செயலிகளை இறக்கியிருந்தார்கள், நானும் இறக்கினேன். ஏறத்தாழ 40 பேர் அப்படி வந்து சேர்ந்தார்கள். எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது. மாலையில்தான் முறைப்பாடுகள் வரத் தொடங்கின. பிள்ளைகளின் பிரதான மீதி துடைத்துப் போட்டதுபோல் காலியாகியிருந்தது. விபிஎன் வழியாகப் போகும்போது நாம் எந்தத் தளத்துக்குப் போகிறோம் என்பது தொலைபேசி நிறுவனத்துக்குத் தெரியாது. தெரியாததால் அது சமூக ஊடகப் பக்கேஜில் சேராது, வெளியுலகக் கணக்கில் ஏறும். அப்போது அமைச்சராக இருந்த நாமல் ராஜபக்ஷ அன்று இந்தத் தடையைத் தான் ஏற்கவில்லை என்றும், விபிஎன் இருக்கும்போது தடையால் பயனில்லை, தானும் அப்படித்தான் பாவிக்கிறேன் என்றும் பதிவிட்டிருந்தார். அவருக்கு அது உண்மை. மண்டூர்ப் பிள்ளைக்கு அந்த ஒன்றரை மணி நேர வகுப்பு அம்மாவின் ஒரு கிழமைத் தொலைபேசிக் காசு. விபிஎன் பாவிக்க வேண்டி வந்தால் முதலில் பொது டேட்டா இருக்கிறதா என்று பாருங்கள். பெயர் தெரியாத இலவசச் செயலி எதையும் வங்கிக் கணக்கு உள்ள தொலைபேசியில் போடாதீர்கள். உங்கள் போக்குவரத்து முழுவதும் அதை நடத்துகிறவரின் கையைத் தாண்டித்தான் போகிறது.

இனி 2023 நவம்பருக்கு வருகிறேன். 26ஆம் திகதி ஞாயிறு மாலை, பாடத்திட்டத்துக்கு வெளியே சுவைக்காக ஒரு சங்கப் பாட்டை விளக்கிப் பதிவிட்டேன். சிறிய வீட்டின் தூணைப் பிடித்துக்கொண்டு, உன் மகன் எங்கே என்று ஒருத்தி கேட்கிறாள். எங்கே இருக்கிறானோ எனக்குத் தெரியாது, புலி தங்கிவிட்டுப் போன கற்குகைபோல அவனைப் பெற்ற வயிறு இதோ இருக்கிறது, அவன் போர்க்களத்தில் தோன்றுவான் என்கிறாள் தாய். பாடியவரும் ஒரு பெண். ஏறத்தாழ இரண்டாயிரம் வருடத்துக்கு முந்திய பாட்டு. பதினோராம் ஆண்டுப் பிள்ளை ஒருத்தி அதற்குப் படம் வரைந்து தந்திருந்தாள். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் வரைந்தது. ஒரு பாறைக்குகை, வாசலில் புல் மடங்கிக் கிடக்கிறது, தூரத்தில் போகிற புலியின் வால் மட்டும் தெரிகிறது. புலியை முழுதாக வரையாமல் மடங்கிய புல்லை வரைய வேண்டுமென்று அந்தப் பிள்ளைக்குத் தோன்றியதே என்று வியந்து, அந்தப் படத்தையும் சேர்த்துப் போட்டேன்.

மறுநாள் 27, விடுதலைப் புலிகளின் மாவீரர் நாள். அந்தத் திகதியை இங்கே யாருக்கும் விளக்கத் தேவையில்லை. 28ஆம் திகதி காலை தொலைபேசியைத் திறந்தால் குழு இல்லை. என் சொந்தக் கணக்கும் இல்லை. ஆபத்தான அமைப்புகளை ஆதரிக்கும் உள்ளடக்கம் என்று ஆங்கிலத்தில் மூன்று வரி. எந்தப் பதிவு என்று சொல்லவில்லை. முந்திய இரண்டு நாளில் நான் வேறெதுவும் போடாததால் நானே ஊகித்துக்கொண்டேன். புலி, மகன், போர்க்களம் ஆகிய மூன்று சொற்கள், புலி வால் உள்ள ஒரு படம், நவம்பர் கடைசிக் கிழமை. ஏதோ ஒரு கணிப்பு அவற்றைக் கூட்டி விடை எழுதியிருக்கிறது. அந்தத் திகதி எனக்கு நினைவே இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். பிள்ளையைப் பறிகொடுத்த வீடுகள் என் தெருவிலேயே இருக்கின்றன. அப்படி ஒரு தாய் அந்தப் பாட்டை அன்று வாசித்து அழுதிருந்தால் அதிலும் என்ன குற்றம் இருக்கிறது என்று எனக்கு விளங்கவில்லை.

மேன்முறையீடு செய்ய ஒரு பொத்தான் இருந்தது. காரணம் எழுத இடமில்லை. அழுத்தினேன். அழுத்தி 11 நிமிடத்தில், முடிவில் மாற்றமில்லை என்று பதில் வந்தது. தமிழ் தெரிந்த ஒருவர் அந்தப் பாட்டை வாசித்துவிட்டு அப்படி எழுதியிருப்பார் என்று நான் நம்பவில்லை. இங்கே நான் செய்த பிழைகளைக் கவனியுங்கள். முதல் அறிவிப்பைப் படம் எடுத்து வைக்கவில்லை. மூடியதும் அது மறைந்துவிட்டது, அதில் இருந்த குறிப்பு எண்ணும் போய்விட்டது. அந்தரப்பட்டு உடனே பொத்தானை அழுத்தினேன். அதற்கு முன் வேறு வழிகளில் காரணம் எழுதி அனுப்ப முடியுமா என்று தேடியிருக்க வேண்டும். தேடி எழுதுவதாக இருந்தால் பாட்டின் பொருளை எளிய ஆங்கிலத்தில் நாலு வரியில் எழுதி, எந்த நூற்றாண்டுப் பாட்டு, எந்த வகுப்புக்கு, யார் வரைந்த படம் என்று சொல்லுங்கள். அதோடு, குழுவின் நிர்வாகியாக நான் ஒருத்தி மட்டும் இருந்தேன். இன்னும் இரண்டு பேரைச் சேர்த்திருந்தால் நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லவாவது ஒரு வழி இருந்திருக்கும். 3,400 பேரில் என்னிடம் தொலைபேசி எண் இருந்தது 90 பேருடையது. மற்றவர்களுக்கு நான் ஒரே இரவில் காணாமல் போன ஆசிரியை.

அதன் பின் வந்த பயத்தைப் பற்றியும் எழுத வேண்டும். ஆபத்தான அமைப்பு என்ற அந்தச் சொல் யாருடைய கண்ணிலாவது பட்டால் என்ன ஆகும் என்று என் கணவர் அன்றிரவு கேட்டார். 1979இல் வந்த பயங்கரவாதத் தடைச் சட்டம் அப்போதும் நடைமுறையில் இருந்தது. சமூக ஊடகப் பதிவுக்காக மாதக்கணக்கில் உள்ளே இருந்தவர்களை எங்கள் மாவட்டத்தில் எல்லோருக்கும் தெரியும். இரண்டு கிழமை வாசலில் மோட்டார் சைக்கிள் நிற்கும் சத்தம் கேட்டால் வயிறு கலங்கியது. அந்தப் பாட்டின் குரல் பதிவைத் தொலைபேசியிலிருந்து நானே அழித்தேன். 2024இல் அந்தப் பாட்டை வகுப்பிலும் நடத்தவில்லை. யாரும் நடத்தாதே என்று சொல்லவில்லை. பாடக்குறிப்பில் அந்தப் பக்கம் வந்ததும் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினேன். 23 வருட ஆசிரியப் பணியில் நான் வெட்கப்படுகிற செயல் அது.

பயத்தில் இருக்கிறவரைத் தேடி வருகிறவர்களும் இருக்கிறார்கள். டிசம்பரில், தளத்துக்குள் எனக்கு ஆள் இருக்கிறது, கணக்கை மீட்டுத் தருகிறேன் என்று ஒருவர் வட்ஸ்அப்பில் வந்தார். முதலில் 35,000 ரூபாய் கேட்டார். கொடுத்தேன். சரிபார்ப்புக் கட்டணம் என்று இன்னும் 20,000. அதையும் கொடுத்தேன். அடையாள அட்டையின் இரண்டு பக்கத்தையும், அட்டையை முகத்தருகில் பிடித்தபடி ஒரு படத்தையும் கேட்டார், அனுப்பினேன். மூன்றாவதாக 45,000 கேட்டபோதுதான் தங்கையின் மகன் தொலைபேசியை என் கையிலிருந்து வாங்கி நிறுத்தினான். 55,000 ரூபாய் போனது போனதுதான். மூடப்பட்ட கணக்கை வெளியிலிருந்து எவரும் மீட்க முடியாது. மீட்பேன் என்று காசு கேட்கிறவர் ஒவ்வொருவரும் ஏமாற்றுக்காரர் என்றே வைத்துக்கொள்ளுங்கள். நீங்களும் அகப்பட்டுவிட்டால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். வங்கிக்கு உடனே சொல்லுங்கள். பொலிஸில் முறைப்பாடு செய்து பிரதி வாங்கி வையுங்கள். பிறகு உங்கள் அட்டையை வைத்து யாராவது சிம் எடுத்தாலோ கடன் எடுத்தாலோ அந்தத் தாள்தான் உங்களைக் காப்பாற்றும். இணையப் பாதுகாப்பைக் கவனிக்கும் இலங்கை சேர்ட் நிலையத்தின் 101 என்ற எண்ணிலும் சொல்லலாம். நான் ஒரு மாதம் யாரிடமும் சொல்லாமல் இருந்து காலத்தைக் கடத்தினேன்.

அந்த நாட்களில் எனக்குத் தணிக்கை என்ற சொல்லைக் கேட்டாலே கோபம் வந்தது. இணையத்தில் யாரும் எதையும் நீக்கவே கூடாது என்று ஒருநாள் சம்மாந்துறையைச் சேர்ந்த சக ஆசிரியை ஒருவரிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "2018ஐ மறந்துவிட்டீர்களா டீச்சர்?" என்றார். அந்த ஆண்டு பெப்ரவரி 26ஆம் திகதி இரவு அம்பாறை நகரில் ஒரு முஸ்லிம் உணவகம். கறியில் ஒரு கட்டி இருந்தது. மலட்டு மாத்திரை போட்டாயா என்று சாப்பிட வந்தவர்கள் சிங்களத்தில் கேட்டு மிரட்டினார்கள். சிங்களம் சரியாகத் தெரியாத கடைக்காரர் மிரண்டுபோய் ஆமோதித்தது காணொளியாகப் பரவியது. அன்றிரவே பள்ளிவாசலைத் தாக்கினார்கள். அந்தக் கட்டி வெறும் மாவு என்று பிறகு அரச இரசாயனப் பகுப்பாய்வு சொன்னது. அப்படி ஒரு மாத்திரை உலகிலேயே கிடையாது. ஆனால் பொய் பரவிக்கொண்டே இருந்தது. சில நாளில் கண்டியில் வீடுகளும் கடைகளும் எரிந்தன. மார்ச் 7ஆம் திகதி அரசு பேஸ்புக்கையும் வட்ஸ்அப்பையும் ஒரு கிழமைக்கு முடக்கியது. தங்கள் தளம் அந்த வன்முறைக்கு உதவியதற்காக பேஸ்புக் வருத்தம் தெரிவித்தது 2020 மே மாதத்தில். அந்த ஆசிரியையின் உறவினர்கள் அந்தக் கிழமை எப்படி இருந்தார்கள் என்பதை அவர் சொல்லக் கேட்ட பிறகு, எதையும் நீக்கக் கூடாது என்ற பேச்சை நான் விட்டுவிட்டேன்.

எனக்கு இப்போது உறுதியாகத் தெரிவது இதுதான். கடைக்காரருக்கு விளங்காத மொழியில் கேட்ட கேள்விக்கு வந்த பதிலை ஒப்புதல் என்று எடுத்தார்கள். என் பாட்டின் மொழி விளங்காத ஒரு முறை அதைக் குற்றம் என்று எடுத்தது. நீக்குகிறவருக்கு அந்த மொழியும் அந்த ஊரும் தெரிந்திருக்க வேண்டும். எதை, ஏன் நீக்கினோம் என்று சொல்ல வேண்டும். மறுப்பதற்கு ஓர் இடம் வேண்டும், அதைக் கேட்கிறவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். இது நடக்க முடியாத காரியம் இல்லை. 2022இல் நாட்டில் மருந்தில்லாதபோது மருத்துவத் தொழிற்சங்கம் ஒன்று மருந்து நன்கொடை கேட்டு பேஸ்புக்கில் பதிவிட்டது. மருந்து கேட்பது அந்தத் தளத்தின் விதிப்படி தடை. ஆனாலும் நிலைமையை உணர்ந்து பதிவை விட்டுவைத்தார்கள், அது சரியென்று பேஸ்புக்கின் தாய் நிறுவனமான மெற்றாவின் மேற்பார்வைச் சபை 2023இல் முடிவு சொன்னது. மனிதர்கள் இருந்து யோசித்தால் அப்படியும் நடக்கிறது.

முடக்கத்துக்கும் நீக்கத்துக்கும் உள்ள வித்தியாசத்தையும் சொல்ல வேண்டும். 2019 ஏப்ரல் 21 அன்று மட்டக்களப்பு சீயோன் தேவாலயத்தில் குண்டு வெடித்தபோது, அங்கே வழிபடுகிற என் முன்னாள் மாணவி ஒருத்தியின் குடும்பம் உயிரோடு இருக்கிறதா என்று அறிய வட்ஸ்அப்பில் முயன்றேன். அதற்குள் முடக்கிவிட்டார்கள். மாத முடிவு வரை திறக்கவில்லை. பொய்யைத் தடுக்கிறோம் என்றார்கள். பொய் வாய்வழியாகப் பரவியது, உறவைத் தேடியவர்கள்தான் திண்டாடினார்கள். ஒரு பொய்ப் பதிவைக் காரணம் சொல்லி எடுப்பது வேறு, ஊர் முழுவதன் வாயையும் ஒரே நேரத்தில் கட்டுவது வேறு. என் கணக்கு மூடிக் கிடந்த அதே நாட்களில், 2024 ஜனவரி 24ஆம் திகதி நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. எது பொய்க் கூற்று என்று தீர்மானித்து நீக்கச் சொல்ல ஐந்து பேர் கொண்ட ஆணைக்குழு. நிறுவனத்திடம் இருந்த அதே திறப்பை அரசின் கையிலும் கொடுக்கிறார்களே என்று அன்று தொலைக்காட்சியின் முன் உட்கார்ந்து அழுதேன்.

என் சொந்தக் கணக்கு 2024 ஏப்ரலில் திரும்பி வந்தது. ஏன் போனதென்று சொல்லாததுபோலவே ஏன் வந்ததென்றும் சொல்லவில்லை. குழு வரவே இல்லை. 412 பாடங்களில் 130 என் கொப்பிகளில் இருந்தன. பிள்ளைகள் படம் எடுத்து வைத்திருந்ததைத் திரட்டி இன்னும் 140 சேர்த்தேன். எட்டு மாதம் இரவுகளில் தட்டச்சு செய்தேன். இப்போது எனக்குச் சொந்தமாக ஒரு சிறிய தளம் இருக்கிறது; பெரும்பாலும் எழுத்துத்தான், பாரமில்லாதது. குழுவும் இருக்கிறது, ஆனால் அதில் புதிய பாடம் வந்திருக்கிறது என்ற அறிவிப்பும் முகவரியும்தான் போடுகிறேன். மூன்று நிர்வாகிகள். பிள்ளைகளின் கவிதைகளை மாதம் ஒருமுறை இறக்கி அச்செடுத்துக் கோவையில் வைக்கிறேன். பெற்றோரின் எண்கள் கொப்பியில் கையால் எழுதி இருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை பாதையில் அக்கரைக்குப் போய், வர முடியாத பிள்ளைகளுக்குப் பாடங்களைப் பென் டிரைவில் கொடுத்துவிட்டு வருகிறேன்.

குகை வரைந்த பிள்ளை இப்போது உயர்தரம் படிக்கிறாள். குழு மூடப்பட்ட கிழமையில் என்னிடம் வந்து, "என் படத்தால்தானா டீச்சர்?" என்று கேட்டாள். இல்லை மகள் என்று சொன்னேன். ஆனால் அதற்கு மேல் பேசவும் எனக்குத் துணிவிருக்கவில்லை, அந்தப் பாட்டை மறைத்து வைத்தபோது அவளுக்கு நான் சொன்ன 'இல்லை' பொய்யாகிவிட்டது. இந்த வருடம் அந்தப் பாட்டை மறுபடி வகுப்பில் நடத்தினேன். அவளை அழைத்து முன்வரிசையில் இருத்தினேன். பழைய வினாத்தாளின் பின்பக்கத்தில் வரைந்த அந்தப் படம் என் கோவையில் பத்திரமாக இருந்தது. அதைக் கரும்பலகையில் ஒட்டி, மடங்கிக் கிடந்த புல்லைக் காட்டித்தான் பாடத்தைத் தொடங்கினேன். அன்றிரவு பாடத்தைப் படத்தோடு தளத்தில் ஏற்றினேன்.